ரத்தத்தில் இருப்பதும் கண்ணில் நடப்பதும்

ஒரே வயது, சர்க்கரை நோய் வந்து ஏறக்குறைய அதே அளவு காலம், மூன்று மாதச் சராசரியும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இப்படிப்பட்ட இருவரில் ஒருவருக்கு விழித்திரை பழுதாகிப் பார்வை மங்குகிறது. மற்றவருக்குக் கண்ணில் ஒரு சிவப்புப் புள்ளிகூட விழுவதில்லை. சர்க்கரை நோயாளிகளைப் பார்க்கும் எந்த மருத்துவருக்கும் இது பழகிய காட்சி. இந்தப் புதிருக்கு எண் கணக்கும் உண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் முதல் வகை நீரிழிவு உள்ள 1,441 பேரை வைத்து நடத்தப்பட்டு 1993இல் முடிவு வெளியான டி.சி.சி.டி. ஆய்வு, அதுவரை கண் கெடாதவர்கள் சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்தினால் விழித்திரை நோய் வரும் ஆபத்து 76 சதவீதம் குறையும் என்று நிறுவியது. அதே ஆய்வின் தரவுகளை 2008இல் மறுபடி கணக்கிட்டார்கள். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவும் நோயின் காலமும் சேர்ந்து, ஆளுக்கு ஆள் வேறுபடும் ஆபத்தில் சுமார் 11 சதவீதத்தை மட்டுமே விளக்குகின்றன என்று தெரியவந்தது.

இரண்டு எண்களும் ஒன்றையொன்று மறுப்பதில்லை. சர்க்கரையைக் குறைத்தால் எல்லோருக்கும் ஆபத்து குறைகிறது. ஆனால் யாருக்குக் கண் போகும், யாருக்குப் போகாது என்பதைச் சர்க்கரை மட்டும் தீர்மானிக்கவில்லை. மீதியைத் தேடி எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக ரத்தத்தைச் சலித்துப் பார்த்திருக்கிறார்கள். ஹார்மோன்கள், வளர்ச்சிக் காரணிகள், கொழுப்பு, அழற்சிப் புரதங்கள், வெள்ளையணுக்கள், நொதிகள் என்று ஒவ்வொன்றாகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்கள். அந்தத் தேடலை மொத்தமாகப் படிக்கும்போது எனக்கு ஒன்று உறுதியாகத் தெரிகிறது. ரத்தத்தில் சுற்றும் பொருள்கள் நோயைத் தொடங்கி வைக்கின்றன, வேகப்படுத்துகின்றன. பார்வையைப் பறிக்கும் கடைசி வேலையைச் செய்பவை பெரும்பாலும் விழித்திரை தானே சுரக்கும் பொருள்கள். முழங்கையில் ஊசி குத்தி எடுத்த ரத்தத்தில் தெரியும் அளவை அப்படியே கண்ணுக்குள் நடப்பதாக எடுத்துக்கொண்ட முயற்சிகள் பலமுறை ஏமாற்றத்தில் முடிந்திருக்கின்றன.

ஏன் என்பதை அறிய விழித்திரையின் நுண்குழாய்களைப் பார்க்க வேண்டும். உடலின் பிற இடங்களில் ரத்தக் குழாய்ச் சுவர் ஓரளவு கசியும். விழித்திரையில் உள்சுவர்ச் செல்கள் இடைவெளியில்லாமல் பூட்டிக்கொண்டிருக்கின்றன. வெளியே பெரிசைட் என்ற செல்கள் அவற்றை அணைத்துப் பிடித்திருக்கின்றன. மூளையில் இருப்பது போன்ற தடுப்பு இது. ரத்தத்தில் சுற்றும் பெரிய புரதங்கள் எளிதில் உள்ளே நுழைய முடியாது. சர்க்கரை மட்டும் தடையின்றி நுழையும். அதைக் கொண்டு செல்லும் கடத்திகள் இன்சுலினுக்காகக் காத்திருப்பதில்லை. ரத்தத்தில் எவ்வளவு ஏறுகிறதோ அதற்கேற்ப உள்ளேயும் ஏறுகிறது. அமெரிக்காவில் டேவிட் கோகனும் டோய்ச்சிரோ குவபாராவும் 1960களின் தொடக்கத்தில், இறந்தவர்களின் விழித்திரையை நொதியில் கரைத்துக் குழாய் வலையை மட்டும் பிரித்தெடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை நோயாளிகளின் குழாய்களில் பெரிசைட்டுகள் அழிந்து, இருந்த இடம் மட்டும் காலியாகத் தெரிந்தது. நோயின் மிகத் தொடக்க கால அடையாளங்களில் அதுவும் ஒன்று. தடுப்பு தளர்ந்த பிறகுதான் ரத்தத்தில் உள்ள மற்றவை விழித்திரையைத் தொட முடிகிறது. ஆகவே, ரத்தத்தில் ஒரு பொருள் எவ்வளவு இருக்கிறது என்பதோடு, அதில் எவ்வளவு உள்ளே போகிறது என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

சர்க்கரை தனியாகவே இந்தச் சேதத்தைச் செய்யும் என்பதை விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் எங்கர்மனும் கெர்னும் நாய்களில் காட்டினார்கள். நீரிழிவே இல்லாத நாய்களுக்குப் பால் சர்க்கரையின் ஒரு கூறான கேலக்டோஸை ஆண்டுக்கணக்கில் உணவில் கொடுத்தார்கள். இன்சுலின் குறைபாடு இல்லை, குளுக்கோஸ் உயர்வு இல்லை. ஆனாலும் நீரிழிவில் வருவதைப் போன்ற விழித்திரை நோய் வந்தது. அவர்களது இன்னொரு சோதனை, 1987இல் வெளியானது, அதைவிடக் கவலை தருவது. இரண்டரை ஆண்டு சர்க்கரையைக் கட்டுப்பாடின்றி விட்டு, பிறகு இரண்டரை ஆண்டு நன்றாகக் கட்டுப்படுத்திய நாய்களின் விழித்திரை, மாற்றம் செய்த நாளில் ஏறக்குறைய நலமாகத்தான் இருந்தது. கட்டுப்பாட்டில் இருந்த காலத்தில்தான் அது கெட்டது. மனிதரிலும் டி.சி.சி.டி. முடிந்த பின் இரு குழுவினரின் ஹெச்பிஏ1சியும் ஒன்றான பிறகு, முன்பு கட்டுப்பாட்டில் இருந்தவர்களுக்குக் கிடைத்த பாதுகாப்பு பல ஆண்டுகள் நீடித்தது. இன்றைய ரத்தம் இன்றைய கண்ணைச் சொல்வதில்லை. பழைய ரத்தத்தின் கணக்கும் அதில் எழுதப்பட்டிருக்கிறது.

இந்தத் துறையின் வரலாற்றில் நெஞ்சை அதிகம் தைக்கும் அத்தியாயம் பிட்யூட்டரி சுரப்பியைப் பற்றியது. அர்ஜென்டினாவின் பெர்னார்டோ ஹூசே, நீரிழிவு உள்ள நாய்களின் பிட்யூட்டரியை நீக்கினால் நோய் தணிவதைக் கண்டவர். 1947இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. டென்மார்க்கின் பௌல்சன் 1953இல் ஒரு பெண்ணின் கதையை வெளியிட்டார். சர்க்கரை நோயால் விழித்திரை கெட்டிருந்த அவருக்குப் பிரசவத்துக்குப் பின் பிட்யூட்டரி செயலிழந்தது. அதன் பிறகு விழித்திரையில் இருந்த ரத்தக் கசிவுகள் மறைந்துபோயின.

அந்த ஒரு நோயாளியின் கதை ஒரு சிகிச்சை முறையாக மாறியது. பார்வை போய்க்கொண்டிருந்த இளைஞர்களின் பிட்யூட்டரியை மண்டைக்குள் சென்று அறுத்தெடுத்தார்கள். லண்டனின் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் கதிரியக்க இட்ரியத்தைச் சுரப்பிக்குள் பதித்து அதை அழித்தார்கள். சிலருக்குக் கண்ணில் புதிதாக முளைத்த குழாய்கள் உண்மையிலேயே சுருங்கின. விலை பெரியது. கார்ட்டிசோனையும் தைராய்டு ஹார்மோனையும் ஆயுள் முழுக்க வெளியிலிருந்து கொடுக்க வேண்டும், மாதவிலக்கு நின்றுபோகும், சர்க்கரை திடீரென்று தாழ்ந்து உயிருக்கே ஆபத்தாகும். வேறு வழியில்லாத காலத்தில், குருடாகப் போகிறவருக்கு முன்னால் நின்று அந்த மருத்துவர்கள் எடுத்த முடிவை இன்று எளிதாகக் குறை சொல்லிவிட முடியாது. 1976இல் விழித்திரையின் ஓரப்பகுதிகளில் லேசர் சுட்டால் கடுமையான பார்வையிழப்பு பாதிக்கும் மேல் குறைகிறது என்று அமெரிக்கக் கூட்டாய்வு காட்டியதும் பிட்யூட்டரி அறுவை வழக்கொழிந்தது.

அறுவை போனாலும் கேள்வி போகவில்லை. பிட்யூட்டரியின் எந்தச் சுரப்பு கண்ணைக் கெடுத்தது? சந்தேகம் வளர்ச்சி ஹார்மோன் மீது விழுந்தது. பிறவியிலேயே அந்த ஹார்மோன் இல்லாமல் குள்ளமாக வளர்ந்தவர்களுக்கு நீரிழிவு வந்தாலும் விழித்திரை நோய் வராததை மெரிமீ 1970இல் எழுதினார். வளர்ச்சி ஹார்மோன் ஏவிவிட, கல்லீரல் சுரந்து ரத்தத்தில் அனுப்பும் ஐ.ஜி.எஃப்-1 என்ற காரணி, விழித்திரை வேகமாகக் கெட்டுவரும் நோயாளிகளிடம் உயர்ந்திருப்பதை 1983இல் அவரும் சகாக்களும் கண்டார்கள். கதை முடிந்துவிட்டது போலவே இருந்தது. ஆனால் பின்வந்த ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. நீரிழிவில் ரத்தத்தின் ஐ.ஜி.எஃப்-1 தாழ்ந்திருப்பதாகச் சொன்னவையும் உண்டு. வளர்ச்சி ஹார்மோனை அடக்கும் ஆக்ட்ரியோடைடு பெரிய சோதனைகளில் உறுதியான பலன் தரவில்லை. ஹார்மோனின் வேலையைத் தடுக்கும் பெக்விசோமன்ட் கொடுத்தும் முளைத்த குழாய்கள் பின்வாங்கவில்லை.

இந்த முரணுக்கு நான் ஏற்றுக்கொள்ளும் விளக்கம் பாஸ்டனில் லாயிஸ் ஸ்மித் குழுவினர் 1990களில் எலிகளில் செய்த வேலையிலிருந்து வருகிறது. ஐ.ஜி.எஃப்-1 தானாகக் குழாயை முளைக்கவைப்பதில்லை. அது குறைந்தபட்ச அளவிலாவது இருந்தால்தான் விழித்திரையின் சொந்த வளர்ச்சிக் காரணியால் குழாயை முளைக்கவைக்க முடிகிறது. விழித்திரை சுரப்பது விதை என்றால், ரத்தம் கொண்டுவருவது ஈரம். பிட்யூட்டரியை முழுவதுமாக அழித்தபோது ஈரம் அற்றுப்போனது. மருந்தால் கொஞ்சம் குறைத்தபோது எஞ்சியிருந்த ஈரமே போதுமானதாக இருந்திருக்கலாம்.

அந்த விதை எது? 1948இலேயே ஐசக் மைக்கேல்சன், ரத்தம் போதாமல் தவிக்கும் விழித்திரை ஏதோ ஒரு பொருளைக் கசியவிட்டுப் புதுக்குழாய்களை அழைக்கிறது என்று ஊகித்தார். லேசர் வேலை செய்ததே அந்த ஊகத்துக்கு ஆதரவு. விழித்திரையின் ஒரு பகுதியைச் சுட்டு அழித்தால் எஞ்சிய பகுதியின் பிராணவாயுப் பசி தணிகிறது, குழாய்கள் சுருங்குகின்றன. 1994இல் லாயிட் அயெல்லோவும் சகாக்களும் 164 நோயாளிகளின் கண்களிலிருந்து எடுத்த 210 திரவ மாதிரிகளில் வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தை அளந்தார்கள். புதுக்குழாய் முளைத்துக்கொண்டிருந்த கண்களில் அது மிகுந்திருந்தது. லேசர் பலித்த கண்களில் சராசரியாக 75 சதவீதம் குறைந்தது. கண்ணின் பின்னறையை நிரப்பும் விட்ரியஸ் கூழில் அதிகமாகவும், கருவிழிக்குப் பின்னுள்ள நீரில் குறைவாகவும் இருந்தது. அதாவது ஊற்று பின்னால், விழித்திரையில் இருக்கிறது.

இன்று கண்ணுக்குள் போடும் வி.இ.ஜி.எஃப். தடுப்பு ஊசிகள் எல்லாம் இந்தக் கண்டுபிடிப்பின் பிள்ளைகள். ஆனால் அதே ஆய்வில் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. நோய் முற்றிப் புதுக்குழாய் முளைத்துக்கொண்டிருந்த கண்களின் 136 மாதிரிகளில் 69இல்தான் வி.இ.ஜி.எஃப். கண்டுபிடிக்கும் அளவில் இருந்தது. மற்ற கண்களில் வேறு ஏதோ வேலை செய்தது என்ற சந்தேகம் நியாயமானது. 2005இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொய்டின் முற்றிய நோயாளிகளின் விட்ரியஸில் பல மடங்கு உயர்ந்திருப்பதைக் காட்டினார்கள். ரத்தத்துக்காகச் சிறுநீரகம் சுரக்கும் ஹார்மோனை விழித்திரை தன் தேவைக்குத் தானே சுரக்கிறது.

ரத்தத்தில் வி.இ.ஜி.எஃப். அளவைப் பார்த்துக் கண் நோயைக் கணிக்கலாம் என்று செய்த ஆய்வுகள் ஏராளம். முடிவுகள் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. ஒரு காரணம் ஆய்வுக்கூடத்திலேயே இருக்கிறது. தட்டணுக்கள் வி.இ.ஜி.எஃபைத் தமக்குள் சேமித்து வைத்திருக்கின்றன. குழாயில் ரத்தம் உறையும்போது அவை உடைந்து அதைக் கொட்டுகின்றன. உறைந்த ரத்தத்திலிருந்து பிரியும் சீரத்தில் அளந்தால், நோயாளியின் உடலில் சுற்றியதைவிடச் சோதனைக் குழாயில் கொட்டியதுதான் அதிகம் தெரியும். உறையாமல் பிரித்த பிளாஸ்மாவில் அளவு மிகக் குறைவு. இரண்டையும் ஒன்றாகக் கருதிய கட்டுரைகளைப் படிக்கும்போது, அதில் ரத்தம் கொடுத்த நோயாளிகளை நினைத்து வருத்தமாக இருக்கிறது.

போக்குவரத்து ஒருவழிப் பாதையும் இல்லை. கண்ணுக்குள் போட்ட மருந்து ரத்தத்துக்குள் வருகிறது. வி.இ.ஜி.எஃப். தடுப்பு மருந்துகளில் பெவாசிஸுமாப், அஃப்லிபெர்செப்ட் இரண்டும் ரத்தத்தில் நெடுநாள் தங்கி அங்குள்ள வி.இ.ஜி.எஃபைத் தாழ்த்துகின்றன, ரானிபிஸுமாப் விரைவில் வெளியேறிவிடுகிறது. அண்மையில் பக்கவாதமோ மாரடைப்போ வந்தவருக்கு எந்த ஊசி, எப்போது என்று கண் மருத்துவர் யோசிப்பது இதனால்தான்.

தடுப்பு முழுதாக உடைந்து ரத்தமே விட்ரியஸுக்குள் இறங்கிவிட்டால் நடப்பது வேறு. பாஸ்டனில் உள்ள ஜாஸ்லின் நீரிழிவு மையத்தின் ஃபீனர் குழு 2007இல் ஒரு சங்கிலியை விவரித்தது. உடைந்த சிவப்பணுக்களிலிருந்து கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதி வெளியேறிச் சுற்றியுள்ள திரவத்தைக் காரமாக்குகிறது; அந்தக் காரத்தன்மை ரத்தத்திலிருந்து வந்த கல்லிக்ரீன் என்ற இன்னொரு நொதியைத் தட்டி எழுப்புகிறது; அது குழாய்களை மேலும் கசியவைக்கிறது. வி.இ.ஜி.எஃபைச் சாராத பாதை இது. ஊசி மேல் ஊசி போட்டும் விழித்திரையின் மையமான மாக்குலாவில் வீக்கம் வற்றாத நோயாளிகள் இருப்பதற்கு இதுபோன்ற பாதைகள் ஒரு காரணமாக இருக்கலாம்.

அழற்சியின் பங்கைப் பற்றி முதல் துப்பு 1964இல் கிடைத்தது. மூட்டுவாதத்துக்காகச் சாலிசிலேட் மருந்து சாப்பிட்டுவந்த நீரிழிவுக்காரர்களுக்கு விழித்திரை நோய் குறைவு என்று பவல், ஃபீல்ட் இருவரும் எழுதினார்கள். பின்னாளில் விலங்குகளில், வெள்ளையணுக்கள் குழாய்ச் சுவரில் ஒட்டி நுண்குழாய்களை அடைப்பது தெரிந்தது. ஆனால் நாளுக்கு 650 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுத்துப் பார்த்த பெரிய அமெரிக்க ஆய்வில் கண் நோயின் போக்கு மாறவில்லை. ஆஸ்பிரினால் கண்ணில் ரத்தக்கசிவு கூடவும் இல்லை. இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர் கண்ணை நினைத்து அதை நிறுத்தத் தேவையில்லை என்பதே அதில் கிடைத்த பயன். ரத்தத்தில் அளக்கப்படும் சி.ஆர்.பி., ஹோமோசிஸ்டீன், அடிப்போனெக்டின் ஆகியவற்றைப் பற்றிய ஆய்வுகள் குவிந்து கிடக்கின்றன. எதுவும் இதுவரை சிகிச்சையை மாற்றவில்லை.

கொழுப்பின் கதையில்தான் எதிர்பாராத வெளிச்சம் இருக்கிறது. ரத்தத்தில் கொழுப்பு மிகுந்தவர்களின் விழித்திரையில் மஞ்சள் படிவுகள் அதிகம் என்பது பழைய செய்தி. கொழுப்பைக் குறைக்கும் ஃபெனோஃபைப்ரேட் மாத்திரையை 9,795 பேருக்குச் சோதித்த ஃபீல்ட் ஆய்வு இதயத்துக்காக நடத்தப்பட்டது. 2007இல் கண் முடிவுகள் வந்தபோது, லேசர் தேவைப்பட்டவர்கள் மாத்திரைக் குழுவில் 3.4 சதவீதம், மற்றதில் 4.9 சதவீதம். 2010இல் அக்கார்டு கண் ஆய்வு அதே திசையைக் காட்டியது. நான்கு ஆண்டுகளில் நோய் முற்றியவர்கள் 10.2 சதவீதத்திலிருந்து 6.5 ஆகக் குறைந்தார்கள். 2024இல் வெளியான ஸ்காட்லாந்தின் லென்ஸ் ஆய்வு கண்ணுக்காகவே நடத்தப்பட்டது. 1,151 பேரில், மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டிய அளவுக்கு நோய் வளர்ந்தவர்களும் சிகிச்சை தேவைப்பட்டவர்களும் 29.2 சதவீதத்திலிருந்து 22.7 ஆகக் குறைந்தார்கள்.

ஃபீல்ட் ஆய்வில் இந்தப் பலன் ரத்தக் கொழுப்பு எவ்வளவு இறங்கியது என்பதைப் பொறுத்து அமையவில்லை. அந்த மாத்திரை விழித்திரைச் செல்களிலும் உள்ள ஒரு ஏற்பியைத் தூண்டி நேரடியாக வேலை செய்கிறது என்பதே இப்போதைய புரிதல். ரத்தத்தைச் சீராக்கக் கொடுத்த மருந்து ரத்தத்தை விட்டுவிட்டுக் கண்ணில் வேலை செய்திருக்கிறது. ஆஸ்திரேலியா 2013இலேயே இந்தப் பயனுக்கு அனுமதி கொடுத்தது. விலை குறைந்த, நம் மருந்துக் கடைகளில் எப்போதும் கிடைக்கும் மாத்திரை. சிறுநீரகச் செயல்பாட்டைக் கவனித்துக் கொடுக்க வேண்டும். இவ்வளவு சான்று சேர்ந்த பிறகும் கண் நோயின் தொடக்க நிலையில் இதை யோசிக்கும் மருத்துவர்கள் குறைவாக இருப்பது எனக்கு உறுத்துகிறது.

நோய் வராதவர்களைப் படிப்பதும் பலன் தந்திருக்கிறது. ஜாஸ்லின் மையம் ஐம்பது ஆண்டுகள் இன்சுலினில் வாழ்ந்தவர்களுக்குப் பதக்கம் கொடுக்கும் வழக்கம் கொண்டது. அவர்களை ஆராய்ந்தபோது, நாற்பது சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்குப் புதுக்குழாய் முளைக்கும் நிலை வரவேயில்லை. அவர்களுக்குள் ஹெச்பிஏ1சி அளவு இந்த வேறுபாட்டை விளக்கவுமில்லை. 2019இல் அந்த மையத்தின் ஆய்வாளர்கள், ஒளியை உணரும் செல்கள் சுரக்கும் ஆர்.பி.பி-3 என்ற புரதம், பாதுகாக்கப்பட்டவர்களின் விழித்திரையிலும் விட்ரியஸிலும் மிகுந்திருப்பதாக அறிவித்தார்கள். விலங்குகளில் அதைக் கூட்டியபோது சேதம் குறைந்தது. இதில் சிறிதளவு ரத்தத்திலும் கசிகிறது. காப்பாற்றும் பொருளும் விழித்திரையிலிருந்துதான் வருகிறது என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

சென்னையில் நடந்த இரண்டு பெரிய கணக்கெடுப்புகளான க்யூர்ஸ் கண் ஆய்வும் சங்கர நேத்ராலயாவின் ஆய்வும் நீரிழிவு உள்ளவர்களில் சுமார் 18 சதவீதம் பேருக்கு விழித்திரை நோய் இருப்பதைக் காட்டின. 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். கணக்குப்படி இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் சுமார் 10.1 கோடி. இத்தனை பேரில் யாருடைய கண்ணை முதலில் பார்ப்பது என்று ஒரு ரத்தப் பரிசோதனை சொல்லிவிட்டால் பெரிய உதவிதான். அப்படி ஒன்று இன்று கிடையாது. நம்மிடம் இருக்கும் ஹெச்பிஏ1சியே நம் நாட்டில் கவனமாகப் படிக்க வேண்டிய அளவு. இரும்புச்சத்துக் குறைந்தால் அது உண்மையைவிட உயர்ந்து தெரியும். சிவப்பணுக்கள் சீக்கிரம் அழியும் நோய்களிலும், ரத்தம் ஏற்றிய பிறகும் தாழ்ந்து தெரியக்கூடும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருந்தது. ரத்தசோகை ஹெச்பிஏ1சி அளவைக் குழப்புவதோடு நிற்பதில்லை. சிவப்பணு விகிதம் குறைந்தவர்களுக்கு நோய் முற்றும் ஆபத்து கூடுதல் என்று அந்தப் பழைய ஆஸ்பிரின் ஆய்வின் தரவுகளே காட்டின. பிராணவாயுவுக்கு ஏங்கும் விழித்திரைக்கு அதைக் குறைவாகக் கொண்டுவரும் ரத்தம் இன்னொரு சுமை. ஹீமோகுளோபினைத் திருத்துவதும், ரத்த அழுத்தத்தைக் குறைப்பதும் எந்தப் புதிய புரதத்தையும் கண்டுபிடிக்கும்வரை காத்திருக்க வேண்டிய வேலைகள் அல்ல. பிரிட்டனின் யு.கே.பி.டி.எஸ். ஆய்வில் அழுத்தத்தை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியதே விழித்திரை நோய் முற்றுவதை 34 சதவீதம் குறைத்தது.

ரத்தத்தை மிக வேகமாகச் சரிசெய்தால் கண் சிறிது காலம் மோசமாகலாம் என்பதை நோயாளிகளிடம் யாரும் அதிகம் சொல்வதில்லை. டி.சி.சி.டி.யில் முதல் ஆண்டுக்குள் இறுக்கமான கட்டுப்பாட்டில் இருந்தவர்களில் 13.1 சதவீதம் பேருக்கும், வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களில் 7.6 சதவீதம் பேருக்கும் விழித்திரை முன்பைவிட மோசமானது. 2016இல் சர்க்கரையைக் குறைக்கும் செமாகுளூடைடு ஊசியைச் சோதித்த சஸ்டெய்ன்-6 ஆய்வில் கண் சிக்கல்கள் 3.0 சதவீதம், போலி ஊசி பெற்றவர்களிடம் 1.8. ஏற்கெனவே விழித்திரை கெட்டிருந்து, சர்க்கரை சடாரென்று இறங்கியவர்களே அதில் பெரும்பாலோர். இன்சுலின் கூடும்போது கல்லீரல் மீண்டும் ஐ.ஜி.எஃப்-1 சுரக்கத் தொடங்குவது இதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. வற்றியிருந்த ஈரம் திரும்புகிறது. கர்ப்ப காலத்திலும் முன்பே நீரிழிவு உள்ள பெண்களின் விழித்திரை இப்படி வேகமாகக் கெடக்கூடும்.

ஆகவே பல ஆண்டுகள் ஹெச்பிஏ1சி பத்து, பதினொன்றில் இருந்த ஒருவருக்கு இன்சுலினோ புதிய ஊசியோ தொடங்கும் முன், கண்ணில் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்துவிட வேண்டும். அங்கே புதுக்குழாய்கள் இருந்தால் லேசரை முதலில் முடித்துக்கொள்வது நல்லது. பிறகும் சில மாதங்களுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். பயந்து சர்க்கரைக் கட்டுப்பாட்டைக் கைவிடத் தேவையில்லை. டி.சி.சி.டி.யில் இறுக்கமான கட்டுப்பாட்டில் இருந்து முதலாண்டில் கண் மோசமானவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். வழக்கமான சிகிச்சையில் இருந்து தொடக்கத்தில் எந்தச் சரிவும் காணாதவர்களோடு ஒப்பிட்டபோது, ஆண்டுகள் சென்றபின் இவர்களின் விழித்திரை அவர்களுக்கு இணையாகவோ அதைவிட நன்றாகவோ இருந்தது.